மணல் மூட்டைக்கு மேல் திராட்சை

என் வீட்டுக்காரர் அஷ்ரப் சவுதியில் லாரி ஓட்டியது போதும் என்று வந்து, கம்பத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினார். வாங்கினார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எவனோ கழித்துவிட்டதைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தகரம் இற்றுப்போயிருந்தது. சீட்டில் உட்கார்ந்தால் கம்பி குத்தியது.

மனிதர் அசரவில்லை. பழைய இரும்புக் கடையில் ஒரு பஸ் சீட்டைப் பிடித்தார். இடித்த வீட்டுப் பலகைகளை வைத்துப் பக்கவாட்டை உயர்த்தினார். பெயிண்டை நாங்களே அடித்தோம். பாதியில் தீர்ந்துபோனதால் ஒரு பக்கம் வேறு பச்சை. கடைசியாக மெக்கானிக் சுருளியாண்டியைக் கூப்பிட்டு, லாரியில் கழற்றிய ஸ்பிரிங் பட்டைகளைப் பின்பக்கம் கூடுதலாகச் சேர்த்தார். சிமெண்ட் மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி அலுங்கவே இல்லை. "யானைய ஏத்துனாலும் குனியாது" என்று இருவரும் டீக்கடையில் அளந்தார்கள்.

எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. காமயகவுண்டன்பட்டித் திராட்சையைத் தேனிக்குக் கொண்டுபோகும் முதல் லோடு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அவர் இங்கேயே இருப்பார். கெட்டுப்போனால் மறுபடி சவுதி. விசா ஏஜெண்ட் செல்வமணி பதிலுக்குக் காத்திருந்தார். எங்கள் மகள் ரெஹானா போன வருஷம்வரை அத்தாவைப் போனில் மட்டுமே அறிந்தவள். மறுபடி அப்படி ஒரு காலத்தை என்னால் தாங்க முடியாது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

லோடுக்கு முந்தைய நாள், ஓடைப்பட்டியில் என் தங்கை ஷர்மின் வீட்டுக்குப் போய் வந்தோம். அவள் ஒரு பெட்டி திராட்சை ஏற்றிவிட்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின்கதவு வழியாகச் சாறு ஒழுகுகிறது. பாதிப் பழம் கூழ்.

"ரோடு சரியில்ல லத்திபா" என்றார்.

"ரோட்டு மேல பழி போடாதீக. சிமெண்டு ஏத்துறப்ப மட்டும் ரோடு நல்லா இருந்துச்சாக்கும்?"

கத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. கனம் இருந்தால்தான் அந்தப் பட்டைகள் வளைந்து கொடுக்கும்; இல்லாவிட்டால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும். திராட்சையோ இரண்டு அடுக்குக்கு மேல் அடுக்க முடியாத சரக்கு. சிமெண்டுக்கு வண்டியைத் தயார் பண்ணிவிட்டுத் திராட்சை ஏற்றப் போகிறோம்.

பட்டையைக் கழற்றலாம் என்று தேடினால் சுருளியாண்டி மச்சினன் கல்யாணத்துக்குப் போடிக்குப் போய்விட்டான். அஷ்ரப் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "செல்வமணிக்குச் சரின்னு சொல்லிரவா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கனம்தானே கேக்குது? குடுங்க. அடியில மணல் மூட்டையப் போடுங்க."

"மணல ஊர்கோலம் கூட்டிட்டுப் போகச் சொல்றியா?"

"ஆமா. போய்ச் சாக்க எடுங்க."

எதிர்வீட்டில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலைக் கேட்டு வாங்கிச் சாக்குகளில் கட்டினோம். பரப்பி வைத்து, மேலே வைக்கோல் போட்டோம். நானே பின்னால் ஏறி உட்கார்ந்தேன். உத்தமபாளையம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினோம். தெருவே வேடிக்கை பார்த்தது. பார்த்துவிட்டுப் போகட்டும். என் இடுப்பு பிழைத்தது, பழமும் பிழைக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் லோடு ஏற்றிப் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பக்கத்துக் கடை போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். மதியம் தாண்டி வண்டி தெருவில் நுழைந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நேரே பின்பக்கம் போய் வைக்கோலுக்குள் கைவிட்டேன். காய்ந்து கிடந்தது. அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

"ஒரு பெட்டியும் நசுங்கல. கமிஷன் கடைக்காரவுக நாளைக்கும் வரச் சொல்லிட்டாக" என்றார்.

"அத ஒரு போன் போட்டுச் சொன்னா கொறஞ்சா போயிருவீக?"

"போட்டேனே."

"எங்கன போட்டீக? நான் கடைவாசல்லதான நின்னேன்."

"செல்வமணிக்கு. விசா வேணாம், வேற ஆளப் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

கட்டிய பெண்டாட்டிக்கு முன்னால் ஏஜெண்டுக்குச் சொன்ன மனிதரை நாலு வார்த்தை திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சோறு கொழஞ்சுபோச்சு" என்றேன். "பரவால்லையா?"