படகில் ஆள் இல்லை

மலிவுச் சாமான் என்றால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். விற்கிறவன் சிரித்தால் அது இன்னும் கூடும். அதனால்தான் எங்கள் நாயாற்று மீனவர் சங்கம் படகுகளுக்கு உயிர்காப்புப் பை வாங்க முடிவெடுத்தபோது, தலைவர் யாகப்பு அண்ணை மாதிரிக்கு வந்த பைகளை என் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து போட்டார்.

"நிறஞ்சனா, பிழை பிடிக்கிறதிலை நீ கெட்டிக்காரி. பாத்துச் சொல்லு பிள்ளை," என்றார்.

பாராட்டா நக்கலா தெரியவில்லை. எதுவானாலும் சரி என்று ஏற்றுக்கொண்டேன். என் மனுசன் துசியந்தனும் கடலுக்குப் போகிறவர். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் அவருடைய உயிர் அந்தப் பைக்குள்தான்.

ஆசை தீரப் பிழை பிடித்தேன். டோர்ச் லைற்றுகளை உப்புத் தண்ணீர் வாளிக்குள் ஒரு பகல் முழுக்கப் போட்டு வைத்தேன். ஒன்றுதான் பிறகும் எரிந்தது. ஒரு பையில் இருந்த கத்தி தேங்காய்த் தும்பைக்கூட அறுக்கவில்லை. இன்னொன்றின் திசைகாட்டி, வீட்டு வளவைச் சுற்றி நடந்தால் மூலைக்கு மூலை வேறு வடக்கைக் காட்டியது. கயிறுகளை மாமரத்தில் கட்டித் தொங்கிப் பார்த்தேன். "சின்னப் பிள்ளையள் மாதிரி ஊஞ்சலோ ஆடுறாய்?" என்று குசினிக்குள் இருந்து கத்தினார் மாமி றோஸ்மேரி, துசியந்தனின் தாய்.

கடைசியில் ஒரே ஒரு பை தேறியது. விலையும் அதுதான் குறைவு. எனக்கே நம்ப முடியவில்லை. விசில் களப்பின் அந்தக் கரை வரைக்கும் கேட்டது. கண்ணாடி வெயிலைப் பிடித்துத் தூர எறிந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது அதில் இருந்த விரிப்பு. நல்ல செம்மஞ்சள். சவர்க்காரம் போட்டுக் கசக்கியும் சாயம் போகவில்லை. மணலில் விரித்துவிட்டு எவ்வளவு தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாலும் தெரிந்தது. அதன் மறுபக்கம் நீலம். அதை நான் பொருட்படுத்தவில்லை. தேடி வருகிறவனின் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தானே இவ்வளவும்? "இதை நம்பி வாங்கலாம்" என்று சங்கத்தில் அடித்துச் சொன்னேன்.

சோளகக் காற்று உரத்து வீசத் தொடங்கிய நாட்களில் துசியந்தனின் படகு திரும்பவில்லை. கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குத் தனியாகப் போயிருந்தார். எஞ்சின் பழுது என்று ஒருமுறை போன் எடுத்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கரையில் எல்லாரும் அழ நான் மட்டும் திமிராக நின்றேன். "பை இருக்குது. ஆள் தெரியும்," என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். தேடுவதற்குக் கெலிகொப்டர் போனபோது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

யாகப்பு அண்ணை வாசலுக்கு வந்தவர் உள்ளே வரவில்லை. "படகைக் கண்டிட்டாங்களாம் பிள்ளை. நல்லாப் பதிஞ்சு பறந்து சுத்திச் சுத்திப் பாத்தவங்களாம். படகிலை ஆள் இல்லையாம்."

மாமி செபமாலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் இருந்துவிட்டார். நான் அந்தப் பையைச் செய்தவனைத் திட்டினேன், விற்றவனைத் திட்டினேன், அதை நல்லது என்று சொன்ன என் வாயைத் திட்டினேன். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

வெறும் படகையாவது இழுத்துக்கொண்டு வருவோம் என்று யாகப்பு அண்ணை ஆட்களோடு போனார். கொண்டுவந்த படகுக்குள் துசியந்தன் இருந்தார். உதடு வெடித்து, கண் குழிவிழுந்து, உயிரோடு. நீல வலைக்குப் பக்கத்தில் விரிப்பை மூடிக்கொண்டு குப்புறக் கிடந்தாராம். நீலம் மேலே இருந்ததாம். விசிலும் கண்ணாடியும் உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தன.

கஞ்சி குடித்து அவருக்குக் குரல் வந்த பிறகு கேட்டேன். சந்தோசத்துக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"தலைக்கு மேலையெல்லோ வந்து சுத்தினவங்கள்! ஏனப்பா ஒண்டையும் காட்டேல்லை? செம்மஞ்சளை ஏன் கீழ்ப்பக்கம் போட்டனீங்கள்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தூரத்திலை சத்தம் கேட்டுது நிறஞ்சனா. நான் ஒண்டும் யோசிக்கேல்லை. கை தன்ரை பாட்டிலை திருப்பிப் போட்டிட்டுது."

"அவங்கள் உங்களைக் காப்பாத்த வந்தவங்கள்!"

"ஓம். சத்தம் போன பிறகுதான் விளங்கினது. பிறகு எழும்பிக் கத்தினனான்."

மேலும் ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். மாமி வந்து மகனுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் மன்னாரில் இருந்து கட்டி வந்தவள், சண்டையின் கடைசி மாதங்களில் இங்கே இருக்கவில்லை. மாமி அப்போது, மேலே கெலிகொப்டர் சுற்றிச் சுற்றிச் சுட, இரண்டு பெடியன்களையும் இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி ஓடியவர். ஒருவனோடுதான் திரும்பியவர். அந்தக் கதையை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

மகனின் தலையை மெல்லத் தடவினார். "மேலை பாக்கேல்லைத்தானே?"

"இல்லை அம்மா."

"அசைஞ்சனியோ?"

"இல்லை."

"நல்ல பிள்ளை," என்றார் மாமி. "தம்பிதான் நான் சொல்லச் சொல்லக் கேளாமல் நிமிர்ந்து பாத்தவன்."