கை வைத்தால் வாரண்ட்டி போய்விடும்

அத்தான் அந்தக் காரை வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஏழு வருடத்தில் ஒருநாள்கூட நான் அதன் பானெட்டைத் தூக்கியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கார் மெக்கானிக். அக்கா வீட்டுக்கு மூன்று தெரு தள்ளிச் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் என் கைபடாத வண்டி இரண்டுதான். ஒன்று தீயணைப்பு வண்டி, மற்றொன்று கூடப்பிறந்த அக்கா வீட்டு வண்டி.

அத்தானுக்கு ஷோரூம்மீது அப்படி ஒரு பக்தி. வண்டி வாங்கும்போது கூடுதல் பணம் கட்டி ஏழு வருட வாரண்ட்டி எடுத்திருந்தார். சர்வீஸ் நாளன்று கல்யாணத்துக்குப் போகிறவர்போலச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். அங்கே சோபாவில் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வண்டி மேலே ஏறுவதும் இறங்குவதும் தெரியும். அவருக்கு அது போதும். கவுண்டரில் இருக்கும் சர்வீஸ் அட்வைசரைத் தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்கு வந்ததும் பில்லை வரிவரியாக அக்காவுக்குப் படித்துக் காட்டிவிட்டு ஃபைலில் போடுவார்.

அந்தப் பில்லில் ஒரு வரிமேல் அவருக்குத் தனிப் பிரியம். ‘கேபின் ஏர் ஃபில்டர் மாற்றப்பட்டது.’ ஏசி வழியாக உள்ளே வரும் காற்றைச் சலித்து அனுப்புகிற, ஒரு நோட்டுப் புத்தகம் அளவுள்ள காகிதச் சட்டம் அது. அத்தான் டைல்ஸ் கம்பெனியில் விற்பனையாளர். காலையில் ஏறினால் பொழுது சாயும்வரை காருக்குள்தான் இருப்பார். நுரையீரல் சுருங்கிக்கொண்டு வருகிறது, தூசி மட்டும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எந்த வெயிலிலும் கண்ணாடியை இறக்கமாட்டார். ஏசிக் காற்றுதான் அவருடைய காற்று. அதனால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் அந்த ஃபில்டரை மாற்றச்சொல்லி, காசு கொடுத்துவிட்டு வருவார்.

“என்கிட்ட விட்டா பாதி செலவுதான் அத்தான்” என்று ஆரம்பத்தில் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். வீட்டில் பத்துப்பேர் கூடியிருந்தார்கள்.

“ஐயையோ, மச்சான் கை வெச்சா வாரண்ட்டி போயிடும்” என்றார் அத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார், அது எனக்கும் தெரியும். ஆனால் பத்துப்பேர் முன்னால் மூக்கறுபட்டதை நான் லேசில் மறக்கிற ஆள் இல்லை. அதை உள்ளேயே வைத்துக்கொண்டு ஐந்து வருடம் திரிந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு பிற்பகல், அத்தான் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார். இறங்கி நாலு எட்டு வருவதற்குள் மூச்சு வாங்கியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மச்சான், ஏசி போட்டா ஒரு வாடை வருது. உள்ள உட்காந்தா தொண்டையைக் கமறுது. அங்க கேட்டா அடுத்த வாரம்தான் இடம் இருக்காம். நீ கொஞ்சம் பாக்கறியா?”

அன்றைக்கு என் பட்டறையில் ஒரு வண்டியும் இல்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

“நான் கை வெச்சா வாரண்ட்டி போயிடும் அத்தான்” என்றேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “அதுவும் சரிதான்” என்று சொல்லிவிட்டு மெதுவாகப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். கண்ணாடி ஏற்றியேதான் இருந்தது. எனக்கோ வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. மீதி டீயை ரசித்துக் குடித்தேன். இதை எழுதும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது, ஆனால் ரசித்துத்தான் குடித்தேன்.

அடுத்த வாரம் ஷோரூமில் ‘ஏசி கிருமி நீக்கம்’ என்று ஒன்றைச் செய்து, அதற்கொரு பில் போட்டு அனுப்பினார்கள். இரண்டு நாள் மல்லிகைப்பூ வாசனை வந்ததாம். அக்கா சொன்னாள்.

அத்தான் போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி மூன்று மாதம் ஆக்சிஜன் சிலிண்டரோடு படுக்கையில் இருந்தார். வண்டி வாசலிலேயே நின்றது. போன மாதம் அக்கா போன் பண்ணினாள். தானே ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள்.

“வண்டியை எடுத்துட்டுப் போய் ஒருதரம் பாத்துடு. வாரண்ட்டி முடிஞ்சிடுச்சு. இனிமே நீ தொடலாம்.”

குத்திக் காட்டவில்லை. அவள் சுபாவமே அப்படி, உள்ளதை உள்ளபடி சொல்வாள். “எல்லாம் நேரத்துக்கு மாத்தி வெச்சிருக்காரு. எதுலயும் ஏமாறாத மனுஷன். ஃபைலையும் எடுத்துட்டுப் போ” என்றாள்.

பட்டறையில் வைத்து ஏசியைப் போட்டேன். குப்பென்று அடித்தது வாடை, நனைந்த சாக்கை மூட்டையாகக் கட்டிவைத்த இடத்தில் வருமே, அது. முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் டாஷ்போர்டு பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கமும் அமுக்கி இறக்கினேன். ஸ்பேனர் தேவையில்லை, ஸ்குரூ டிரைவர் தேவையில்லை. பின்னால் இருந்த மூடியைக் கழற்றி ஃபில்டரை இழுத்தேன்.

வெள்ளையாக இருக்கவேண்டிய காகிதம் தார்போல் கறுத்திருந்தது. மடிப்புக்கு மடிப்பு பூஞ்சை. சருகு, பூச்சி இறக்கை, முடி. தட்டினால் பட்டறைத் தரையில் கறுப்பாகக் கொட்டியது. அதன் சட்டத்தில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சடித்திருப்பார்கள். துடைத்துவிட்டுப் பார்த்தேன். அத்தான் வண்டி வாங்கியதற்கு இரண்டு மாதம் முந்தைய தேதி. ஃபேக்டரியில் வைத்த ஃபில்டர், வைத்த இடத்திலேயே இருந்திருக்கிறது. ஃபைலில் ஆறு பில். ஆறிலும் அதே வரி, ‘மாற்றப்பட்டது.’

எனக்குத் தொழில் தெரியும். இது எப்படி நடக்கும் என்றும் தெரியும். கவுண்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் செய்யவேண்டிய வேலைப் பட்டியல் முழுவதும் செய்த வேலையாகவே பில்லில் வந்து விழும். கீழே வேலை செய்கிறவனுக்கு ஒரு வண்டிக்கு முக்கால் மணி நேரம். கண்ணுக்குத் தெரிகிற டயரையும் கண்ணாடியையும் பளபளவென்று துடைத்துவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தை விட்டுவிடுவான். சோபாவில் இருக்கிறவர் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும் அது தெரியாது.

ஃபில்டரை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் யார் சட்டையைப் பிடிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். அத்தானின் ‘தம்பி’ கவுண்டரில்தான் இருந்தான். பையைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். ஆறு பில்லையும் பக்கத்தில் பரப்பினேன்.

“பேக்கேஜ்ல வர்ற ஐட்டம் சார். டெக்னீஷியன் பாத்துட்டு, நல்லா இருந்தா கிளீன் பண்ணித் திருப்பி போட்டிருப்பாங்க” என்றான்.

“இதுவா கிளீன் பண்ணது? யார் காதுல பூ சுத்தற?”

குரல் உயர்ந்ததும் மேனேஜர் வந்துவிட்டார். என்னைக் கண்ணாடி அறைக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார். தப்பு நடந்திருக்கலாம் என்றார், விசாரிக்கிறோம் என்றார், ஒரு சர்வீஸ் இலவசமாகச் செய்து தருகிறோம் என்றார். நான் எதற்கும் மசியவில்லை.

“அந்த மனுஷனுக்கு நுரையீரல் போச்சு. இதையே நாள் முழுக்க சுவாசிச்சிருக்காரு. உங்களை நம்பினதைத் தவிர என்ன பண்ணாரு? என்னைக்கூடத் தொட விடலை. நான் மெக்கானிக். சொந்த மச்சான்.”

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

“நீங்க மெக்கானிக்கா சார்? அப்போ நீங்களே மாத்தியிருக்கலாமே. கேபின் ஃபில்டருக்கும் வாரண்ட்டிக்கும் சம்பந்தமே கிடையாதே. ஓட்டுறவரே மாத்திக்கலாம்னு வண்டியோட குடுக்கற புக்லயே போட்டிருக்கு.”

அத்தானுக்கு அது தெரியாது. பயபக்தியோடு அலமாரியில் வைத்திருந்த அந்தப் புத்தகத்தில் அவர் முதல் பக்கத்தைத் தாண்டியிருக்கமாட்டார். எனக்குத் தெரியும். அன்றைக்கு ஸ்டூலில் உட்கார்ந்து அந்தப் பதிலைச் சொன்னபோதும் தெரியும். வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பில்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ‘தம்பி’ வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்டான்.

அக்காவிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எதிலும் ஏமாறாத மனுஷன் என்ற நினைப்பாவது அவளுக்கு மிஞ்சட்டுமே என்று பார்த்தேன். ஆனால் புது ஃபில்டர் போட்டு வண்டியைக் கொண்டுபோய் விட்டபோது, “அவர் போட்டது நல்லாத்தானே இருந்திருக்கும், ஏன் மாத்தின?” என்று கேட்டாள். பொய் வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் பையை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பட்டறையில் நடந்ததை மட்டும் சொல்லவில்லை.

அக்கா ஃபில்டரைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதனாலயாடா?”

“இல்லக்கா. டாக்டர் சொன்ன வியாதிதான். இது…” என்று ஆரம்பித்தேன். எப்படி முடிப்பதென்று தெரியவில்லை. இதனால் இல்லை என்று அடித்துச்சொல்ல நான் டாக்டர் இல்லை. இது இல்லாமல் இருந்திருந்தால் கொஞ்சம் நன்றாக மூச்சு விட்டிருப்பார் என்று சொல்ல எந்த டாக்டரும் வேண்டாம்.

“மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

“ரெண்டு நிமிஷம்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“வாடை வருதுன்னு ஒருநாள் உன்கிட்டதான் கொண்டுவந்தாரு. நான்தான் போகச் சொன்னேன். அந்தப் பேச்செல்லாம் அவன் மனசுல வெச்சிருக்கமாட்டான், போங்கன்னு சொன்னேன். திரும்பி வந்து, மச்சான் பாவம், ஏகப்பட்ட வண்டி நிக்குது, அவனைத் தொந்தரவு பண்ண வேணாம்னு வந்துட்டேன்னாரு.”

நடந்ததை அவர் சொல்லியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அக்கா தெரிந்தும் தெரியாததுபோல் இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவளிடம் என்னை விட்டுக்கொடுக்காமலே போய்ச் சேர்ந்திருக்கிறார் மனுஷன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற முகம், அவளுக்குப் படிக்கத் தெரியும்.

“அன்னிக்கு உனக்கு நிறைய வேலையா இருந்துதாடா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அத்தானே அதை எனக்காகச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“இல்லக்கா. ஒரு வண்டியும் இல்ல. அவர் கேட்டாரு, நான்தான் மாட்டேன்னுட்டேன்.”

அக்கா எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அத்தான் போன அன்றைக்குக்கூட அவள் வாய்விட்டு அழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் இப்போதுதான் அழுதாள். கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன், தட்டவில்லை.