மூன்று மணி

சட்டையைக் கழற்ற அம்மாவின் முழங்கையை மடக்கினாள், மடங்கவில்லை. மெல்ல அழுத்திப் பார்த்தாள். தாடையும் விறைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ உடல்களைத் துடைத்து அனுப்பிய நர்ஸ் அவள். உயிர் போன ஒரு மணி நேரத்தில் உடம்பு இப்படிக் கட்டையாகாது என்பது அவளுக்குத் தெரியாதா?

"அண்ணா, எத்தனை மணிக்குன்னு சொன்னே?"

"சரியா மூணு." கதவைப் பார்த்தபடி சொன்னான்.

பெரிய வெள்ளி. ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட அதே மூன்று மணி. இன்று கோயிலில் பூசை கிடையாது, மணியும் அடிக்காது. ஆனாலும் சேதி தெரு முழுக்கப் பரவிவிட்டது. கொடுத்துவைத்த சாவு என்று வாசலில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணனுக்கு நல்ல பேர் வாங்குவதென்றால் சோறு தண்ணி வேண்டாம். பெற்றவள் சாவிலுமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவைச் சாத்தினாள். "அம்மா காலையிலேயே போயிருக்காங்க. நீ எங்க இருந்தே?"

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"சிலுவைப்பாதைக்குப் போயிட்டேன். நீயும் டியூட்டிக்குப் போயிட்டே. நான் போகலன்னுதான் சொன்னேன். 'வருஷா வருஷம் நீதானே சிலுவை தூக்குறே, போடா'ன்னு அம்மாதான் விரட்டினாங்க. மத்தியானம் திரும்பி வந்தா..." கட்டிலுக்கு அடியில் பார்த்தான். "தண்ணிக்குக் கை நீட்டியிருக்காங்க. டம்ளர் கீழ கெடந்துச்சு."

"அதுக்கு மூணு மணியா?"

"பக்கத்துல யாருமே இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு உபதேசியார் செபம் சொல்ல வந்துவிட்டார். பின்னாலேயே பெண்களும் நுழைந்து சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"ஆண்டவர் உயிர்விட்ட நேரத்துல போறதுன்னா சும்மாவா! கடைசியா ஏதாச்சும் சொன்னாங்களா தம்பி?" என்று ஒருத்தி கேட்டாள்.

அண்ணன் மறுபடியும் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் குட்டு உடைந்துவிடும்.

"தண்ணி கேட்டாங்களாம்," என்றாள் அவள். "அண்ணன்தான் குடுத்தான்."

"குடிச்சாங்களா?"

"முழுசா குடிச்சாங்க."

உபதேசியார் செபத்தைத் தொடங்கினார். எல்லாரும் சேர்ந்து பதில் சொன்னார்கள். அண்ணனின் குரல் மட்டும் அதில் இல்லை.