நாற்பதாவது மீனின் தொண்டை

தம்பி போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். மீன் ஆராய்ச்சிக்கூடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் தொட்டி அறை அவள் பொறுப்பு. தம்பி அதே கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஆராய்ச்சியாளனாக இருந்தான்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினேழு, அவனுக்கு ஒன்பது. படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு இங்கே தொட்டி கழுவ வந்தாள். அவனைப் படிக்க வைத்தாள். படித்து முடித்தவன் வேறெங்கும் போகாமல் இங்கேயே வந்து சேர்ந்தான். முப்பத்திரண்டு வயதில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எழுந்திருக்கவே இல்லை.

அவனுடைய நாற்பது மீன்களும் நாற்பது தொட்டிகளில் அப்படியே இருந்தன. அவளுக்குப் பதிலாக வந்த ஆள் ஏனோதானோவென்று பார்த்திருந்தான்; கண்ணாடியெல்லாம் பாசி. அவள் மதியம்வரை துடைத்தாள்.

உள்ளங்கை நீள மீன்கள். எல்லாவற்றுக்கும் வாயில் ஒரு தாடை, தொண்டைக்குள் இன்னொரு தாடை. தம்பி முதன்முதலில் அதைச் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"நெஜமாத்தான்க்கா. வாய் புடிக்கும், தொண்டை மெல்லும். பாதிப் பேருக்குத் தொண்டையில இருக்கற ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டி இரும்பு மாதிரி ஆயிடுச்சு. மெல்லற கவலை போச்சா, வாய் இஷ்டத்துக்கு மாறிச்சு. பாசி சுரண்ட ஒரு வாய், நத்தை உறிஞ்ச ஒரு வாய், குஞ்சு திருட ஒரு வாய். ஒரே ஏரியில நூத்துக்கணக்குல இனம்!"

"அப்ப நல்லதுதானடா?"

"நல்லதுதான். ஆனா ஒட்டின தொண்டை விரியாது. பெரிய இரையை முழுங்க முடியாம மென்னுக்கிட்டே கெடக்கும். அந்த ஏரியில வெளியிலேர்ந்து ஒரு பெரிய மீனைக் கொண்டாந்து விட்டாங்க. அதுக்குத் தொண்டை விரியும். இதுங்க ஒரு வாய் மெல்லறதுக்குள்ள அது பந்தியையே காலி பண்ணிடும். அதோட இதுங்களையும் சேத்துத் தின்னுச்சு. மீன் தின்ன இனங்கதான் மொதல்ல அழிஞ்சுது. வாழவெச்ச எலும்பே கழுத்தறுத்துடுச்சுன்னு நெனக்கிறேன். நிரூபிக்கணும்."

அதற்காகத்தான் இந்த நாற்பது. ஒட்டிய தொண்டை இருபது, விரியும் தொண்டை இருபது. ஒவ்வொன்றுக்கும் அளந்தெடுத்த ஒரு சின்ன மீனைப் போட்டு, வாய் கவ்வியதிலிருந்து முழுதும் உள்ளே போகும்வரை நேரம் குறிப்பான். பக்கத்தில் ஒரு முக்காலியில் அக்கா இருப்பாள். அவன் போகும்போது முப்பத்தொன்று முடிந்திருந்தது. மீன்களுக்கு அவன் எண் கொடுத்தான். அவள் பெயர் வைத்தாள். சோம்பேறி, கணக்குப்பிள்ளை, வாயாடி. கடைசித் தொட்டியிலிருந்து எந்நேரமும் முறைத்துக்கொண்டிருந்தது மாமியார்.

தம்பியின் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த பேராசிரியை அவளை மேலே கூப்பிட்டார்.

"புது ஆள் வர ஆறு மாசம் ஆகும்மா. அதுவரைக்கும் தம்பியோட சோதனையை நிறுத்தி வெச்சிடலாம்னு பாக்கறேன்."

"மீதி ஒம்போதுதான மேடம்? நான் பண்றேன். முப்பத்தொண்ணுக்கும் அவன் பக்கத்துலதான் இருந்தேன்."

பேராசிரியை தம்பியின் ஸ்டாப்வாட்சை எடுத்துக் கொடுத்தார்.

மூன்று வாரம் ஆனது. விரியும் தொண்டைக்கு நாலு நிமிடம், ஐந்து நிமிடம். ஒட்டிய தொண்டைக்கு ஒரு மணி, ஒன்றரை மணி. வால் வெளியே துருத்திக்கொண்டிருக்க, அது மென்றுகொண்டே இருக்கும். முப்பத்தாறாவது மீனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் திடீரென்று அழுகை வந்தது. சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. நிமிர்ந்தபோது வாலைக் காணோம். மனதுக்குத் தோன்றிய ஒரு நேரத்தை எழுதியிருக்கலாம். அவள் 'தவறிவிட்டது' என்று எழுதி, அடுத்த வாரம் அதற்கு மறுபடி சோதனை வைத்தாள்.

நாற்பதும் முடிந்ததும் பேராசிரியை தம்பியின் திட்டத்தாளை எடுத்துவைத்தார்.

"அடுத்தது தொண்டையை அளக்கணும். எலும்பைத் தனியா எடுக்கணும்மா. மீனைக் கொன்னாத்தான் முடியும்."

"எத்தனை மீனுக்கு?"

பதில் தாளில் இருந்தது. அவன் கையெழுத்துதான். 'நாற்பதும்.'

முப்பத்தொரு மீனுக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே, ஒரு வார்த்தை சொன்னானா? அவள் பெயர் வைக்க வைக்க அவனும் சேர்ந்து சிரித்தானே. செத்தவன்மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. எங்கே போய்ச் சண்டை போடுவது?

"எல்லாம் வேண்டாம்னா அஞ்சாறு மட்டும் எடுக்கலாம்," என்றார் பேராசிரியை. "ஆனா அவர் சொன்னதை யாரும் ஒத்துக்க மாட்டாங்க. உங்க இஷ்டம்தான். வேற ஆளை வெச்சும் செய்யலாம்."

"வேற ஆள் வேணாம். தெரியாதவன் கை பட்டா அதுங்க மிரளும்."

வாளியில் மயக்க மருந்து கலந்து, ஒரு நாளைக்கு எட்டு மீனாக ஐந்து நாளில் அவளே செய்தாள். வலை போடாமல் கையாலேயே அள்ளினாள். தீனிதான் வருகிறது என்று நினைத்து அவை தாமாகவே கைக்கு வந்தன. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாமியாரைக் கடைசியாக வைத்திருந்தாள். அது முறைத்தபடியே சாய்ந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பேராசிரியை திரையில் ஒரு வரைபடம் காட்டினார். மீனுக்கு ஒன்றாக நாற்பது புள்ளிகள். தொண்டை குறுகக் குறுக நேரம் ஏறிக்கொண்டே போனது.

"அவன் சொன்னது சரியா மேடம்?"

"அப்படியே சரி. அவர் பேர் முதல்ல வரும். பக்கத்துல உங்க பேரும்."

அவள் மேல்மூலையில் தனியாக நின்ற ஒரு புள்ளியைத் தொட்டாள். "இது எத்தனாம் நம்பர்?"

பேராசிரியை பார்த்துச் சொன்னார். "நாப்பது."

மாமியார்தான். அக்கா தலையசைத்தாள். பேராசிரியை அவள் தோளில் கைவைத்து, "தம்பி நெனச்சதை முடிச்சுக் குடுத்துட்டீங்க. அந்த நிம்மதியாவது இருக்கே," என்றார்.

"இல்ல மேடம்," என்றாள் அவள். "அவனும் இல்ல, அதுங்களும் இல்ல. நிம்மதியெல்லாம் ஒண்ணும் இல்ல."

கீழே வந்தாள். நாற்பது தொட்டியும் காலி. காற்றுக்குழாய்கள் மட்டும் வெறும் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தன. எதற்கு என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள். பாதிவரைக்கும் வந்ததும் கை ஓடவில்லை. மீதியை ஓடவிட்டுவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.