கொண்டையோடு எண்ணூறு மீட்டர்

காலை ஆறு மணிக்கே அம்மா என் தலையில் நாற்பத்தொரு ஊசிகளைக் குத்தி ஒரு கொண்டை போட்டு அனுப்பியிருந்தாள். சாயங்காலம் பள்ளியை முடிக்கப் போகிறவர்கள் அலங்கரித்துக்கொண்டு போகும் ப்ராம் நடனம். பகலில் ஓட்டப் போட்டி. இரண்டையும் ஒரே சனிக்கிழமையில் வைத்த மனிதர் யாரோ, அவருக்குப் பெண் பிள்ளைகள் கிடையாது என்பது மட்டும் நிச்சயம். எங்கள் பஸ்ஸில் ஒன்பது பேர் சுருட்டிய முடியோடும் கொண்டையோடும் உட்கார்ந்து, ஒரு ஜன்னலைக்கூடத் திறக்கவிடாமல் காவல் காத்தோம்.

என் பக்கத்தில் இருந்த மாரென் மட்டும் தினமும் போடும் குதிரைவாலோடு வந்திருந்தாள். நான் பேசிய எதுவும் அவள் காதில் ஏறவில்லை. எங்கள் நெப்ராஸ்காவை விட்டு எட்டு மணி நேரம் தெற்கே போனால் வரும் ஒரு கல்லூரியின் பயிற்சியாளர் அவளுக்கு இரண்டு வரி எழுதியிருந்தார். எண்ணூறு மீட்டரை இரண்டு நிமிடம் பதினைந்து வினாடிக்குள் ஓடிக் காட்டினால் அணியில் இடம் உண்டு, ஏப்ரல் முப்பதுதான் கெடு. அவளுடைய சிறந்த நேரம் இரண்டு பதினேழு. கெடுவுக்கு முன்னால் மிச்சமிருந்தது இந்த ஒரு போட்டிதான். எண்ணூறை வேகத்துக்கேற்ப இரண்டு ஹீட்டாகப் பிரித்து ஓடவிட்டு, எல்லார் நேரத்தையும் சேர்த்துப் பார்த்து இடம் கொடுப்பார்கள். வேகமானவர்கள் ஓடும் ஹீட்டில் அவர்கள் இழுக்கிற இழுப்பில் அந்த இரண்டு வினாடியைப் பிடித்துவிடலாம் என்று நான்கு வாரமாகக் கணக்குப் போட்டிருந்தாள்.

மைதானத்தில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். வேகமான ஹீட்டில் அவள் பெயர் இல்லை. மெதுவான ஹீட்டில் இருந்தது, என் பெயருக்கு நேர் மேலே.

நான் அங்கே இருந்தது நியாயம். நான் நானூறு மீட்டர்க்காரி. வியாழக்கிழமை பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு நடனத்துக்குச் செருப்பு வாங்கப் போன குற்றத்துக்காக, எங்கள் கோச் வோகல் என்னை எண்ணூறில் தள்ளிவிட்டிருந்தார். கொண்டை கலையாமல் இரண்டு சுற்று உலாவிவிட்டு வருவதாக நானும் முடிவு செய்திருந்தேன்.

"கோச், என்ன கூத்து இது?" என்று பட்டியலைக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைத் துழாவினார். முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ... பேர் குடுக்கறப்போ ரெண்டு பதினேழுன்னு அடிக்கறதுக்கு ரெண்டு இருபத்தேழுன்னு அடிச்சிட்டேனே. ஒரு கையில ஹாட் டாக் இருந்துச்சும்மா."

ஓடிப் போய் பட்டியல் மேஜையில் இருந்த அம்மாளிடம் கெஞ்சிப் பார்த்தார். "லிஸ்ட் அச்சாயிடுச்சு சார். ஒருத்தரை மாத்தினா அத்தனை பேரும் வரிசையில வந்து நிப்பாங்க" என்ற அந்த அம்மாள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

மாரென் புல்தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அழுகிற பெண் இல்லை அவள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"விடுடி. தனியாவே ஓடிக்கறேன்."

"இந்தக் காத்துலயா?"

எதிர்ப்பக்க நேர்கோட்டில் கொடி துணியைக் கிழித்துக்கொள்வதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. எதிர்காற்றில் முன்னால் ஆள் இல்லாமல் இரண்டு வினாடியைக் குறைப்பது நடக்காத காரியம். அது அவளுக்கும் தெரியும்.

என் கை தானாகக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது.

"மொத ரவுண்டு எவ்வளவுல போகணும்?"

"அறுபத்தாறு."

"அறுபத்தாறா? தூக்கத்துல எழுப்பிவிட்டாக்கூட ஓடுவேன்."

"அதுக்கப்புறம் இன்னொரு ரவுண்டு இருக்கு, தெரியுமில்ல?"

"அது உன் பாடு. நீ என் முதுகை மட்டும் பாரு. நான் செத்து விழுந்தா தாண்டிப் போயிடு."

"தாண்ட மாட்டேன், மிதிச்சிட்டே போவேன்" என்றாள். அன்று காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

பதினான்கு பேர் கோட்டில் நின்றோம். துப்பாக்கி வெடித்ததும் நான் முன்னால் பாய்ந்தேன். எதிர்ப்பக்கம் திரும்பியதும் காற்று மாரில் கை வைத்துத் தள்ளியது. முதல் ஊசி அங்கேதான் போயிற்று. வேலியில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் அணியின் இரும்புக் குண்டு எறியும் கூட்டம், "தலையில குருவிக்கூட்டோட ஒருத்தி போறா, பிடிங்கடா!" என்று கத்தியது. பின்னால் மாரெனின் மூச்சு சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சுற்று முடிந்து மணி அடித்தபோது கோச் புல்வெளிக்குக் குறுக்கே காபியைச் சிந்திக்கொண்டு ஓடி வந்தார். "அறுபத்தாறு! அறுபத்தாறு!"

என் வேலை அதோடு முடிந்தது. ஒதுங்கியிருக்கலாம். ஆனால் அந்தக் காற்று இன்னொரு முறை காத்திருந்தது. பாதிக் கிணறு தாண்டவைத்துவிட்டுக் கையை விடுவதா? பல்லைக் கடித்துக்கொண்டு அறுநூறு மீட்டர்வரை போனேன். கால்கள் மரக்கட்டையாகிவிட்டன. முடி மொத்தமும் அவிழ்ந்து வாய்க்குள் வந்தது. முடியைத் துப்பிவிட்டு, "போடி!" என்று கத்தினேன்.

போனாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. சரியாகப் பார்க்கவும் முடியவில்லை, ஏனென்றால் அதற்குள் ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். முழங்காலில் பட்டை கட்டிய ஒன்பதாம் வகுப்புப் பொடிசு ஒன்று தாண்டும்போது, "விட்டுடாதீங்கக்கா, நல்லா ஓடறீங்க" என்று ஆறுதல் வேறு சொன்னது. வந்த கோபத்தில்தான் ஓட்டத்தை முடித்தேன். பன்னிரண்டாவது இடம்.

பலகையில் நேரம் வரவில்லை. மெதுவான ஹீட்டில் இப்படி ஒரு நேரம் வர வழியே இல்லை, கருவியில்தான் கோளாறு என்று அதிகாரிகள் கூடிக் கூடிப் பேசினார்கள். ஒரு சுற்றைக் குறைத்து ஓடிவிட்டோமா என்றுகூட ஒருவர் கேட்டார். அதற்குள் வேகமான ஹீட்டும் ஓடி முடித்தது. காற்றில் யார் முன்னால் போவது என்று அத்தனை பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் ஒளிந்து ஓடியதில், முதலில் வந்தவளுக்கே இரண்டு பத்தொன்பது ஆகிவிட்டது.

மாரென் என் கையை நசுக்கிக்கொண்டு நின்றாள். ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. பெண்கள் எண்ணூறு மீட்டர், முதலிடம், முதல் ஹீட்டிலிருந்து மாரென் தோர்சன், இரண்டு பதினான்கு புள்ளி ஆறு.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எங்களைவிட அதிகமாகக் கோச்தான் அழுதார். "இதுக்காகத்தான் வேணும்னே அப்படிப் போட்டேன்" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கோச், சத்தியமா அடி வாங்கப் போறீங்க" என்றேன்.

மாரென், கடைசியில் நேரம் ஏறிய பலகையைப் படம் எடுத்து அந்தக் கல்லூரிக்கு அனுப்பினாள். பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது: உனக்கு இடம் உண்டு, ஆகஸ்டில் வந்து சேர். இரண்டு பேரும் தொண்டை கட்டும்வரை கத்தினோம். கத்தி முடித்தபிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டு மணி நேரத் தொலைவு. மூன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தவளை நானே இழுத்துக்கொண்டு போய் அங்கே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவளுக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அங்க யாருடி எனக்கு முன்னாடி ஓடுவா?"

"உன்னைவிட வேகமா பத்துப் பேரு ஓடுவாளுங்க, லூசு" என்றேன். "ஒருத்தியையும் விடாதே."