மூன்று நிமிடத்துக்கு எவ்வளவு

ஜெனிட்டா தைக்கும் ஞானஸ்நான கவுன்களைப் பார்க்க அந்த மாதம் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் இணையதளத்துக்கு வந்திருந்தார்கள். வாங்கியவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்தி அவளுடைய சித்தி மகள்.

“அறுபத்து மூணு பேரு கார்ட்ல போட்டிருக்காங்கடி,” என்று நீலாயதாட்சி லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். “பணம் கட்டுற பக்கம் வரைக்கும் வந்துட்டுப் போயிட்டாங்க.”

காரைக்காலில் ஜெனிட்டாவின் வீட்டு முன்னறைதான் அவர்களுடைய கடை. தையல் ஜெனிட்டாவுக்கு, இணையதளம், பார்சல் எல்லாம் நீலாவுக்கு. பார்க்க வருகிறவர்களில் பாதிக்கு மேல் பிரான்சில் குடியேறிவிட்ட காரைக்கால், பாண்டிச்சேரிக் குடும்பங்கள். பேரப்பிள்ளைக்கு ஊரில் தைத்த வெள்ளைக் கவுன் போட்டு ஞானஸ்நானம் கொடுக்க ஆசைப்படுகிறவர்கள். ஆசை இருந்தும் வாங்கவில்லை.

பத்து சதவீதத் தள்ளுபடி போட்டுப் பார்த்தார்கள். ‘இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்று சிவப்பில் ஒரு கடிகாரமும் ஓடவிட்டார்கள். பத்து நிமிடம் முடிந்ததும் அது மறுபடி பத்திலிருந்து தொடங்கும்.

“அது பொய்யில்லையா நீலா?”

“எல்லாரும் போடுறாங்கடி.”

அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஜெனிட்டா சட்டென்று சிரித்துவிட்டாள். “இதப் பாத்தா நம்ம பூத் மீட்டரு மாதிரியே இருக்குடி.”

பாரதியார் சாலையில் சேக் அலாவுதீன் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்தில் இருபது வயதில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் ஒருவர் பேசுவார், வெளியே பத்துப் பேர் காத்திருப்பார்கள். கூண்டுக்கு மேலே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிற கூட்டம், துபாய்க்குப் பேச வருகிற திருமலைராயன்பட்டினத்துக்காரர்கள், மழைக்கு ஒதுங்கி வந்து நிற்பவர்கள். நீலா நம்பர் போடுவாள். கத்திக் கத்திப் பேசுகிறவர்களின் வீட்டுக் கதையெல்லாம் இருவருக்கும் மனப்பாடம். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் ஒரே டப்பாவில் சாப்பிட்டுக்கொண்டு, யாருக்கு யார் மேல் கோபம், யார் வீட்டில் பொண்ணு பார்க்க வருகிறார்கள் என்று பேசித் தீர்ப்பார்கள்.

“நெரவிலேருந்து வருவாங்களே பெரியநாயகி, ஞாபகம் இருக்காடி?” என்றாள் ஜெனிட்டா.

நீலாவுக்கு இல்லாமலா? பெரியநாயகியின் புருஷன் சிங்கப்பூரில் இருந்தான். ஞாயிறு தவறாமல் இடுப்பில் பிள்ளையோடு வந்து நிற்பாள். வரிசை நகர்ந்து அவள் முறை வரும்போது பார்த்தால் ஆள் இருக்க மாட்டாள். நாலு வாரம் இப்படியே போனது. ஐந்தாவது வாரம் ஜெனிட்டா ஓடிப்போய் வாசலில் மறித்தாள்.

“ஏன்க்கா, வந்து வந்து திரும்பிப் போறீங்க?”

“உள்ள போனா எவ்வளவு ஆவும்னு தெரியலியேம்மா. அது பாட்டுக்கு ஓடுது. மூணு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு முன்னாடியே சொன்னா அதுக்குத் தக்கன கொண்டாருவேன்ல?”

அன்றைக்கே ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் சிங்கப்பூர், துபாய், பிரான்ஸ் என்று எழுதி, ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு, மூன்று நிமிடத்துக்கு எவ்வளவு என்று போட்டு ஜெனிட்டா வாசலில் மாட்டினாள். அடுத்த ஞாயிறு பெரியநாயகி நேரே கூண்டுக்குள் போனாள். முதல் நிமிடம் ‘கேக்குதா, கேக்குதா’ என்பதிலேயே போனது. இரண்டாவதில் மாடு கன்று போட்டதைச் சொன்னாள். மூன்றாவதில் பிள்ளையின் வாயருகே ரிசீவரை வைத்தாள். அது மூச்சுக்கூட விடவில்லை. வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்ததை ஜெனிட்டா இன்னும் மறக்கவில்லை.

“அப்ப கேட்டோம். இப்ப யாரையும் கேக்கவே இல்லியே நாம,” என்றாள்.

அறுபத்து மூன்று பேரில் சிலர் போன் நம்பர் கொடுத்திருந்தார்கள். முதல் நம்பர் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜோஸ்பின் என்ற அம்மாளுடையது. ஜெனிட்டாவே பேசினாள். தான் யார் என்பதைச் சொல்லி, கவுனில் என்ன குறை என்று கேட்டாள்.

“கவுன்ல ஒண்ணும் குறையில்லம்மா. கடைசிப் பக்கத்துல போயி அனுப்புற செலவுன்னு ஒண்ணு சேருது. இன்னும் என்னென்ன சேருமோன்னு மூடிட்டேன். அதோட, தைக்கிறது யாரு என்னான்னு ஒண்ணுமே போடல. அளவு பத்தலேன்னா நான் யாருகிட்ட போயி கேப்பேன்? ஆமா, நீ காரைக்கால்ல எந்தப் பக்கம்?”

அதற்கப்புறம் அந்த அம்மாள் கவுனை மறந்தேவிட்டார். மண்டபத்தூரில் பிறந்தவராம். கடற்கரையில் லைட்ஹவுஸ் பக்கம் இப்போதும் சாயந்தரம் கூட்டம் வருகிறதா, மாங்கனித் திருவிழாவுக்கு மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்களா என்று விசாரித்தார். இருபது நிமிடம் பேசினார்கள். வைக்கும்போது, “மருமவகிட்ட கேட்டுச் சொல்றேம்மா,” என்றார்.

“வாங்கலியா?” என்றாள் நீலா.

“இல்ல.”

அன்று மாலைக்குள் சிவப்புக் கடிகாரத்தை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு கவுன் படத்துக்குக் கீழேயும், பிரான்சுக்கு அனுப்ப எவ்வளவு, எத்தனை நாளில் சேரும் என்று போட்டார்கள். அளவு பொருந்தாவிட்டால் மாற்றித் தரப்படும் என்றும் எழுதினார்கள். தையல் மெஷின் முன் ஜெனிட்டா உட்கார்ந்திருக்கும் படமும் அவள் போன் நம்பரும் முதல் பக்கத்தில் ஏறின. படத்துக்கு நீலாதான் அவள் தலையை வாரிவிட்டாள்.

அடுத்த மாதம் வந்தவர்கள் எண்ணூறுகூட இல்லை. ஆனால் பத்தொன்பது கவுன் போயிற்று. வாங்குவதற்கு முன் போன் போட்டவர்களே அதிகம். சிலர் அளவு கேட்டார்கள். சிலர் ஊரைப் பற்றிக் கேட்டார்கள். பிற்பகலில் போன் வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே பதில் சொன்னார்கள். ஜெனிட்டாவுக்கு அந்த நேரம்தான் பிடித்திருந்தது.

ஜூன் மாதம் ஜோஸ்பின் அம்மாளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வெள்ளைக் கவுனில் பேத்தி. ‘தப்பா எடுத்துக்காதம்மா, மருமக இங்கேயே கடையில வாங்கிட்டா. என் சிநேகிதிக்கு ஒண்ணு வேணுமாம், நம்பர் குடுத்திருக்கேன்.’

ஜெனிட்டா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தூக்கம் கலைந்த கோபத்தில் குழந்தை முகத்தைச் சுளித்திருந்தது.

“நல்லாத்தான் தைச்சிருக்கான்,” என்றாள். “கைதான் கொஞ்சம் நீளம்.”