பொலித்தீன் போட்ட பழைய வண்டி

முத்துலிங்கத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஆனால் மோட்டார் சைக்கிளைப் பற்றி அவர் பேசும் அளவுக்கு ஹந்தானையில் வேறு யாருக்கும் பேச வராது.

கண்டி நகரத்துப் புடவைக் கடையொன்றில் சேலைப் பிரிவில் பதினாறு வருடமாக நிற்பவர் அவர். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கோயில் பரிபாலன சபைத் தலைவர். இந்த இரண்டாவது பதவிக்கு ஒரு றப்பர் முத்திரை உண்டு. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். ஒருமுறை பால்மா வாங்கிய பற்றுச்சீட்டில்கூட அதைக் குத்தியிருக்கிறார்.

வண்டி தேவைப்பட்டது அவருக்கல்ல, மனைவி சந்திரிகாவுக்கு. பதினொரு வருடம் தொண்டர் ஆசிரியையாகக் காத்திருந்தவளுக்கு ஒருவழியாக நியமனக் கடிதம் வந்திருந்தது. பாடசாலை அலவத்துகொடையில். அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை கடமையேற்க வேண்டும். அதிபரோடு தொலைபேசியில் பேசியபோது அவர் மிக மரியாதையாகத்தான் சொன்னார். காலை ஏழரைக்கு வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடுவாராம். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழேதான் கையெழுத்து வைக்க வேண்டும். முன்பிருந்த ஆசிரியையும் கண்டிப் பக்கம்தான், தினமும் கோட்டுக்குக் கீழே.

"முதல் மாசம் பார்ப்போம் டீச்சர். சரிவராட்டி வேற ஆளக் கேட்டு எழுதத்தான் வேணும். பிள்ளைகள் பாவம்தானே."

சந்திரிகா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஹந்தானையிலிருந்து முதல் பஸ் ஆறரைக்கு. கண்டியில் இறங்கி மாத்தளை பஸ் பிடித்து, கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் நின்று நின்று போனால் எட்டேகால். எப்படிப் போட்டாலும் எட்டேகால். கலகெதரையிலிருக்கும் தம்பி ரமேஸ் போன விடுமுறையில் தன்னுடைய கியர் வண்டியில் அவளுக்கு ஓட்டப் பழக்கியிருந்தான். அனுமதிப்பத்திரமும் எடுத்தாயிற்று. வண்டி மட்டும்தான் இல்லை.

புதிதா, பழையதா என்ற கேள்வியை முத்துலிங்கம் வீட்டில் விவாதிக்கவில்லை. கோயில் சபைக் கூட்டத்தில், ஏனைய விடயங்கள் என்ற தலைப்பின் கீழ், தானே எழுந்து நின்று அறிவித்தார்.

"அடுத்தவன் ஒக்காந்து தேச்ச சீட்டுல எங்க வீட்டு டீச்சர் ஒக்காரமாட்டா. எடுத்தா புதுசுதான்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். கூட்டறிக்கையிலும் அது ஏறியது.

சனிக்கிழமை இருவரும் கண்டியில் வண்டி விற்கும் நிலையமொன்றுக்குப் போனார்கள். குளிரூட்டிய கண்ணாடி மண்டபம். கழுத்துப்பட்டி கட்டிய திலீபன் என்ற விற்பனையாளர் முத்துலிங்கத்தை 'சேர்' என்று அழைத்தார். அந்த ஒரு சொல்லுக்கே அவர் பாதி வண்டியை வாங்கிவிட்டார். எந்த நிறம் சேருக்குப் பிடிக்கும், சேர் தினமும் எவ்வளவு தூரம் ஓடுவீர்கள் என்று திலீபன் கேட்டுக்கொண்டே போக, சேரும் ஓட்டுகிறவர் போலவே பதில் சொல்லிக்கொண்டு போனார். சிவப்பு வண்டியொன்றில் ஏறி உட்கார்ந்து, கால் தரையில் எட்டாததைக் காட்டிக்கொள்ளாமல் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படம் மத்தியானத்துக்குள் தோட்டத்து வட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பத்தேழு பேர் கைகூப்பினார்கள்.

சந்திரிகா ஒரேயொரு கேள்வி கேட்டாள். வண்டி எப்போது கைக்கு வரும்?

"ஆறு கிழமை செல்லும் அக்கா," என்றார் திலீபன். "இண்டைக்கே புக் பண்ணினா அஞ்சரை."

கையிலிருந்த பணத்துக்குப் புது வண்டியின் முன்சக்கரமும் விளக்கும் வரும், மிச்சத்துக்கு லீசிங் கடன் போட வேண்டும் என்பது வேறு விடயம். முத்துலிங்கம் அதையும் ஒரு கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். லீசிங் எல்லோருக்கும் கொடுக்கமாட்டார்கள் என்று வரும் வழியெல்லாம் சொன்னார். ஆறு கிழமைதானே, அதுவரை பஸ்ஸில் போய்ச் சமாளி என்றார்.

"ஆறு கிழமைக்குள்ள இருபது ஸ்கூல் நாளாவது வந்துரும்," என்றாள் சந்திரிகா. "எனக்கு ஒருநாளுகூட கோட்டுக்குக் கீழ கையெழுத்து வைக்க முடியாதுங்க."

அன்றிரவு அவள் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் கண்டுபிடித்தாள். ஏழு வருடம் ஓடிய வண்டி. நூற்றிருபத்தைந்து சிசி. இடம் அலவத்துகொட. பாடசாலை இருக்கும் அதே ஊர். முத்துலிங்கம் முதலில் மறுத்தார். பிறகு, பழைய வண்டியைப் பரிசோதிப்பது அவரைப் போன்ற விடயம் தெரிந்தவர்களுக்கே கைவந்த கலை என்று அவள் எடுத்துச் சொன்னதும் சம்மதித்தார்.

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று போனார்கள். வண்டிக்காரர் ஜவாஹிர், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். இப்போது வேன் வாங்கிவிட்டதால் வண்டி வீட்டோடு நின்றது. முற்றத்தில் அதைத் துடைத்து நிறுத்தியிருந்தார். முத்துலிங்கம் யூடியூபில் கற்ற முறைப்படி ஆரம்பித்தார். டயரை உதைத்தார். டேங்கின் மூடியைத் திறந்து உள்ளே கூர்ந்து பார்த்தார். உள்ளே பெற்றோல் இருந்தது. இன்ஜினில் ஒரு விரலைத் தடவி மோந்தார். ம் என்றார்.

"மாஸ்டர், நான் குறைகளச் சொல்லித்தான் விப்பன்," என்றார் ஜவாஹிர். "இடப்பக்க சிக்னல் ஒருக்காத் தட்டினாத்தான் எரியும். டேங்க்ல இந்தப் பள்ளம், நான் எங்கட மாமரத்தில இடிச்சது. வேற ஒண்டும் இல்ல."

தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி றலியா, சந்திரிகாவிடம் காதோடு காதாகச் சொன்னாள்: "ஏழு வருஷமா இதத் தொடச்ச தொடப்பில பாதி எங்கட வீட்டு ஜன்னலத் தொடச்சிருந்தா நான் ராணி மாதிரி இருந்திருப்பன்."

ஜவாஹிர் சாவியை முத்துலிங்கத்திடம் நீட்டினார். ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

முத்துலிங்கம் சாவியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். வாழ்க்கையில் இவ்வளவு கனமான சாவியை அவர் கண்டதில்லை. பிறகு அதை வாங்கி, மிக நிதானமாக மனைவியிடம் கொடுத்தார்.

"நீ ஓட்டு. நான் சத்தத்தக் கேக்குறேன். தூரத்துல இருந்து கேட்டாத்தான் இன்ஜினோட குத்தம் வெளங்கும்."

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டார். அவர் ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து ஜவாஹிர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

சந்திரிகா ஒரு உதையில் கிளப்பினாள். முற்றத்தைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, பலாமரங்களுக்கு நடுவே வளைந்து ஏறும் பாதைக்கு வந்தாள். மூன்றாம் கியரில் மேடு பிடிக்குமா என்று பயந்தாள். பிடித்தது. முனகக்கூட இல்லை. மேட்டின் உச்சியில் பாடசாலை. விடுமுறையென்பதால் வாயில் பூட்டியிருந்தது. இறங்காமல், ஒரு காலை ஊன்றி நின்று பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாய்ப் படித்தாள். இந்த வாயிலுக்குள் இந்த வண்டியில்தான் வருவேன் என்று தோன்றியபோது, பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சத்தமாகச் சிரிப்பு வந்தது. திரும்பும்போது அக்குறணைப் பக்கமும் கொஞ்சம் ஓடினாள். தேவையே இல்லை. ஓடவேண்டும் போலிருந்தது.

இருபது நிமிடத்துக்குப் பிறகு முற்றத்தில் வந்து நின்றவளின் தலைமுடி பறந்து கலைந்திருந்தது. காது மடல்கள் சிவந்திருந்தன.

"சத்தம் பரவாயில்ல," என்றார் முத்துலிங்கம், கண்ணைத் திறந்து.

"இதுதாங்க," என்றாள் அவள். கையிலிருந்த பணத்திலேயே விலை முடிந்தது.

ஆனால் வீடு வந்து சேர்ந்ததும் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். வண்டி பழையதாக இருக்கலாம், தோட்டத்துக்கு அது புதியதாக இருக்க வேண்டும். கூட்டறிக்கையில் இருக்கிறது, வட்ஸ்அப்பில் படம் இருக்கிறது, நாற்பத்தேழு பேர் கைகூப்பியிருக்கிறார்கள். சந்திரிகாவுக்குத் திங்கட்கிழமை மட்டும்தான் கண்ணில் நின்றது. எதையாவது செய்துகொள்ளுங்கள் என்றாள்.

அவர் செய்தார். எங்கள் பக்கத்தில் புது வண்டி வாங்குகிறவர்கள் இருக்கையில் சுற்றிவரும் பொலித்தீனைக் கழற்றுவதில்லை. அது கிழிந்து நாராய்த் தொங்கும்வரை வண்டி புதிது என்று கணக்கு. முத்துலிங்கம் கண்டியில் இருக்கை உறை தைக்கும் கடையில் தடித்த பொலித்தீன் வாங்கி, ஏழு வருடப் பழைய இருக்கைக்கு இறுக்கிப் போட்டார். மிச்சமிருந்தது இலக்கத் தகடு. அதன் எழுத்துகளைப் பார்த்தே வண்டியின் வயதைச் சொல்லிவிடும் ஆட்கள் லயத்து வீட்டு வரிசைக்கு நாலு பேர் உண்டு. அதற்கும் வழி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசை போட்டு, சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுக்கி, முன் தகட்டை மூடும்படி தடித்த செவ்வந்தி மாலையும், பின் தகட்டை மூடும்படி சிவப்புப் பட்டுத் துண்டும் கட்டினார். மாலையைத் திங்கட்கிழமைவரை கழற்றக் கூடாது, அது ஐதீகம் என்றார். அந்த ஐதீகத்தைப் பூசகரே அன்றுதான் கேள்விப்பட்டார்.

கூட்டம் வண்டியைச் சுற்றி நின்று வியந்தது. ஓய்வுபெற்ற கொழுந்துக்காரி அழகம்மா மட்டும் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஏம்பா தலைவரே, புது வண்டிக்கு மிதிகட்ட இப்பிடித் தேஞ்சா வரும்?"

"அது ஜப்பான் டிசைன்," என்றார் முத்துலிங்கம். "கால் வழுக்காம இருக்க."

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினார்கள். முதல் நாள் மனைவியைத் தனியே அனுப்புவது தலைவருக்கு அழகல்ல என்று முத்துலிங்கமும் பின்னால் ஏறிக்கொண்டார். தலைக்கவசத்தை அணியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். அணிந்தால் போவது யாரென்று தெரியாதே.

ஹந்தானை இறக்கத்தில் பனி பெய்திருந்தது. பொலித்தீன் நனைந்திருந்தது. முதல் வளைவில் பிரேக் பிடித்ததும் தலைவர் சர்ரென்று வழுக்கி வந்து மனைவியின் முதுகில் ஒட்டினார். பின்னால் தள்ளிப் போய் உட்கார்ந்தார். அடுத்த வளைவில் மறுபடி வந்தார். ஐந்தாவது வளைவில் சந்திரிகா பெற்றோல் டேங்கின்மேலேயே உட்கார்ந்திருந்தாள். வேகமாகப் போக வழியில்லை. ஊர்ந்துதான் இறங்கினார்கள். அதற்குள் ஆறரை பஸ் அவர்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிட்டது.

இறக்கத்தின் அடியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் கையை நீட்டினார். பாதை ஒடுங்கிய இடம். பஸ்ஸும் நின்றது.

பொலிஸ்காரர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். மாலையைச் சுற்றிவந்து ரசித்தார்.

"மாலை நல்லா இருக்கு. நம்பர் எங்க?"

"புது வண்டி சேர்," என்றார் முத்துலிங்கம். பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்திருந்தன.

புது வண்டியென்றால் கடைக்காரர் கொடுத்த புதுப் பத்திரங்கள் எங்கே என்று பொலிஸ்காரர் கேட்டார். முத்துலிங்கம் பையில் கைவிட்டுத் தேடினார். றப்பர் முத்திரைதான் அகப்பட்டது. கொஞ்ச நேரம் தேடுவது போலவே தேடினார். சந்திரிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு ஐம்பது. இன்னும் நகரம் முழுவதும் இருந்தது, கட்டுகஸ்தோட்டைப் பாலம் இருந்தது, அக்குறணை இருந்தது. அதிபரின் சிவப்புப் பேனை கண்ணுக்குள் வந்தது.

அவள் வண்டியைச் சாய்த்து நிறுத்தினாள். மாலையைப் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தாள். பின்னால் போய்ப் பட்டுத் துண்டை அவிழ்த்தாள்.

"பழைய வண்டி சேர். ஏழு வருஷம் ஓடினது. அலவத்துகொட ஜவாஹிர் நானாகிட்ட வாங்கினேன். இந்தாங்க பேப்பர். ஏழரைக்கு நான் ஸ்கூல்ல கையெழுத்து வைக்கணும்."

பஸ்ஸுக்கே கேட்கும்படிதான் சொன்னாள். இரண்டாவது ஜன்னலிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது.

"ஜப்பானுக்கும் வயசாயிருச்சு போல தலைவரே."

பஸ் குலுங்கியது. சாரதியும் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

பொலிஸ்காரர் பத்திரங்களைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தன. டீச்சர் போகலாம் என்று தலையசைத்தார். பிறகு அவருடைய பார்வை முத்துலிங்கத்தின் மடியிலிருந்த தலைக்கவசத்தில் விழுந்தது. இந்த ஐயா இறங்கட்டும், இவருக்கு ஒரு அபராதத் துண்டு எழுத வேண்டும் என்றார்.

முத்துலிங்கம் இறங்கினார். சந்திரிகா இருக்கையின் ஓரத்தில் விரலை விட்டுப் பொலித்தீனை உரித்தெடுத்து அவர் கையில் வைத்தாள். கோபமாக இல்லை. சந்தையில் மரக்கறிப் பையைக் கொடுப்பதுபோலக் கொடுத்தாள்.

"பஸ் நிக்கிது, அதுலயே டவுனுக்குப் போயிருங்க. வாறேன்."

அதற்குப் பிறகு அவள் ஓடியது அந்த வண்டிக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். நகரத்தின் நெரிசலுக்குள் நுழைந்து நெளிந்து வெளிவந்தாள். பாலத்தைக் கடந்தாள். அக்குறணையில் நின்ற லொறிகளுக்கும் வேன்களுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கும் இடைவெளியில் போனாள். அலவத்துகொடை சந்தியில் கடை திறந்துகொண்டிருந்த ஜவாஹிர், சத்தத்தை வைத்தே திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினார். இடப்பக்க சிக்னலை ஒருமுறை தட்டினாள். எரிந்தது. மேட்டை மூன்றாம் கியரில் ஏறினாள்.

அதிபர் அடிமட்டத்தைப் புத்தகத்தில் வைத்து, சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏழு இருபத்தொன்பது. தலைக்கவசத்தோடேயே கையெழுத்து வைத்தாள். அவளுடைய பெயருக்குக் கீழே, அந்தப் பெயரின் வாலைத் தொடாமல், சிவப்புக் கோடு போனது.

மாலையில் அவள் தோட்டத்துக்குத் திரும்பியபோது கோயில் மண்டபத்தில் முத்துலிங்கம் நாலைந்து பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். புது வண்டி வாங்குகிறவன் விபரம் தெரியாதவன். புது இன்ஜின் மலைக்குப் பழக ஐந்து வருடம் எடுக்கும். ஓடித் தேறிய வண்டியைச் சத்தத்தை வைத்தே தேர்ந்தெடுப்பதுதான் கெட்டித்தனம், அதைத்தான் நான் செய்தேன் என்றார். அவர் உட்கார்ந்திருந்த தலைவர் கதிரைக்குப் புதிதாகப் பொலித்தீன் உறை போட்டிருந்தது. பேச்சின் உச்சத்தில் அவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வழுக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்குச் சந்திரிகா எழுந்தபோது, அவர் தலைக்கவசத்தைப் போட்டு, வாரையும் இறுக்கி, கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டு அடுப்படியில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"டவுன் வரைக்கும்தான்," என்றார்.